எடுத்துச் செல்லும் கேஸ் கிரிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தைப் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று பல இடங்களிலும் வாழும் உறவினர்கள் காரைக்குடிக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் வந்து சேரும்போது, பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் சமையல்காரர் வைத்துச் சமைப்பதோடு நில்லாமல், ஒரு நாளாவது எல்லோரும் வெளியே சென்று தாங்களே சுட்டுச் சாப்பிட வேண்டும் என்ற விருப்பம் இப்போது பல குடும்பங்களில் எழுகிறது. சொந்தத் தென்னந்தோப்பு, தொண்டிக் கடற்கரை, கொடைக்கானலில் கூடாரம், சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் வண்டிகளை நிறுத்தும் பொட்டல் என்று இடங்கள் பல. அமெரிக்காவில் கால்பந்துப் போட்டி தொடங்குவதற்கு முன்பு மைதான வாகன நிறுத்துமிடத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அங்கேயே இறைச்சி சுட்டு உண்ணும் வழக்கம் உண்டு; அதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். கடைகளிலும் இணையத்திலும் நாம் காணும் சிறிய கேஸ் கிரில்கள் பெரும்பாலும் அந்த வழக்கத்துக்கும் அந்த நாட்டு முகாம் வாழ்க்கைக்கும் ஏற்ப உருவானவை. அவற்றை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது சில கணக்குகள் மாறுகின்றன.

வாங்குபவர்கள் முதலில் கேட்பது எந்த நிறுவனத்தின் கிரில் நல்லது என்பதாகவே இருக்கிறது. என் உறுதியான கருத்து, அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பதுதான். முதலில் எரிவாயுவை முடிவு செய்ய வேண்டும். பிறகு சாப்பிடுவோரின் எண்ணிக்கை. பிறகு நம் மசாலாவுக்கு ஏற்ற தீ. அதன் பிறகே உடலும் உலோகமும் எடையும். இந்த வரிசையை மாற்றினால், நல்ல விலை கொடுத்து வாங்கிய கிரில் எரிவாயு பொருந்தாமல் பரணில் கிடக்கும். அல்லது அதைவிட மோசமாக, பொருந்தாததைப் பொருத்த முயன்று ஆபத்தில் முடியும்.

முதல் படி: எந்த எரிவாயு என்று முடிவு செய்யுங்கள்

நம் பகுதியில் நடைமுறையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, எண்ணெய் நிறுவனங்கள் விற்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர். இண்டேன் இதற்குச் சோட்டு என்று பெயர் வைத்திருக்கிறது. வீட்டு இணைப்புக்குக் கேட்கும் முகவரிச் சான்று இதற்குத் தேவையில்லை. அடையாள அட்டை ஒன்றைக் காட்டி கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் பெறலாம். காலியானதும் அதே முறையில் மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று, தெளிப்பான் டப்பாவைப் போலத் தோற்றமளிக்கும், ஏறத்தாழ 220 கிராம் பியூட்டேன் அடைத்த கேனிஸ்டர். இது ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கானது.

எது போதும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரியும்போது ஏறத்தாழ 12.8 கிலோவாட் மணி வெப்பம் தருகிறது. சிறிய கிரில் ஒன்றின் பர்னர் 3 கிலோவாட் திறனுடையது என்று கொண்டால், முழுத் தீயில் அது மணிக்குச் சுமார் 235 கிராம் எரிவாயுவைக் குடிக்கும். அதாவது, ஒரு பியூட்டேன் கேனிஸ்டர் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்; 5 கிலோ சிலிண்டரோ இருபது மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நான்கு பேர் கொடைக்கானலில் ஒரு வேளை சமைக்கக் கேனிஸ்டர்கள் இரண்டு போதுமானவை. இருபது பேர் தோப்பில் ஒரு நாள் முழுவதும் உட்காரப் போகிறார்கள் என்றால் 5 கிலோ சிலிண்டரைத் தவிர வேறு வழி இல்லை.

மலைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டிய இயற்பியல் ஒன்று உண்டு. பியூட்டேன் சுமார் 0 டிகிரியில்தான் திரவத்திலிருந்து வாயுவாகத் தொடங்குகிறது. புரொப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். எனவே மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் இரவின் குளிரில் பியூட்டேன் மட்டுமே உள்ள கேனிஸ்டரின் அழுத்தம் வெகுவாகக் குறைந்து, தீ சோர்ந்துபோகும். போதாக்குறைக்கு, வாயு வெளியேற வெளியேறக் கேனிஸ்டர் தானும் குளிர்ந்துகொண்டே போகும். நம் நாட்டு எல்.பி.ஜி. சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருப்பதால் அது மலைக்குளிரை இதைவிட நன்றாகத் தாங்குகிறது. தீ குறைகிறதே என்று கேனிஸ்டரைச் சுடுநீரில் வைப்பதோ, அடுப்பின் அருகில் வைத்துச் சூடாக்குவதோ கூடவே கூடாது.

எடையைப் பொறுத்தவரை, 5 கிலோ சிலிண்டர் இரும்பின் எடையும் சேர்ந்து பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். இண்டேன் நிறுவனம் கலவைப் பொருளால் ஆன சிலிண்டரையும் 5 கிலோ, 10 கிலோ அளவுகளில் கொண்டுவந்துள்ளது. அது இரும்பைவிட எடை குறைந்தது, துருப்பிடிக்காது, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு எரிவாயு மிச்சம் என்பதும் தெரியும். உங்கள் ஏஜென்சியில் கிடைக்குமானால், கடற்கரைக்கு அடிக்கடி செல்லும் குடும்பத்துக்கு அதையே பரிந்துரைப்பேன்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து சிறிய சிலிண்டருக்குத் தெருவோரக் கடையில் எரிவாயுவை மாற்றி நிரப்பித் தரும் வேலை சில இடங்களில் நடக்கிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதைவிட முக்கியமானது, அவ்வாறு நிரப்பும்போது எவ்வளவு நிரம்பியது என்பதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை என்பது. சூட்டில் திரவம் விரிவதற்காகச் சிலிண்டருக்குள் எப்போதும் ஓரளவு வெற்றிடம் விட்டே முறைப்படி நிரப்புவார்கள். அந்த இடம் இல்லாமல் முழுவதும் நிரம்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: வெளிநாட்டிலிருந்து வரும் கிரிலை ஏற்பதா, மறுப்பதா?

நம் ஊர்க் குடும்பங்களில் இது மெய்யான கேள்வி. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மருமகளோ அங்கே பயன்படுத்தும் அதே கிரிலை இங்கேயும் வாங்கிவர ஆசைப்படுவார்கள். அங்கே சிறிய கிரில்கள் 465 கிராம் புரொப்பேன் அடைத்த பச்சை நிறச் சிறு உருளைகளில் இயங்குகின்றன. அந்த உருளையின் திருகுவாய் நம் சிலிண்டரின் வால்வோடு பொருந்தாது. வாய் பொருந்தாததோடு பிரச்சினை முடிவதுமில்லை. அத்தகைய கிரிலின் ரெகுலேட்டர், உருளையிலிருந்து வரும் உயர் அழுத்தத்தைத் தானே குறைத்துப் பர்னருக்கு அனுப்பும்படி அமைந்தது. நம் வீட்டு ரெகுலேட்டரோ சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற, ஏறத்தாழ 30 மில்லிபார் ஆன, தாழ்ந்த அழுத்தத்தில்தான் எரிவாயுவை வெளிவிடுகிறது. இரண்டையும் ஏதோ ஒரு இணைப்பானால் கட்டினால் ஒன்று தீ சரியாக எரியாது, அல்லது கசியும். பட்டறையில் கடைந்து தரும் இணைப்பான்களை நான் எக்காரணம் கொண்டும் ஏற்கமாட்டேன்.

எனவே உறவினரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: எல்.பி.ஜி. அல்லது பியூட்டேன்-புரொப்பேன் கலவைக்கென்றே செய்யப்பட்டு, தகவல் தகட்டில் 28 முதல் 30 மில்லிபார் வரை அழுத்தம் என்று பொறிக்கப்பட்ட கிரிலாக இருந்தால் நம் ரெகுலேட்டரோடு சேர்ந்து வேலை செய்யும். அந்தத் தகடு இல்லாத கிரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். டியூபும் ரெகுலேட்டரும் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கிடைப்பவையாகவே இருக்கட்டும். கேஸ் ஏஜென்சி தரும், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிற ரப்பர் டியூப் அதற்குத் தகுந்தது. 5 கிலோ சிலிண்டரை வாங்கும் இடத்திலேயே அதன் வால்வுக்குரிய ரெகுலேட்டரையும் கேட்டு, அங்கேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: எத்தனை பேர், எவ்வளவு பரப்பு

விளம்பரங்களில் எட்டுப் பேருக்கு, பத்துப் பேருக்கு என்று எழுதியிருப்பது நம் பந்திக்குப் பொருந்தும் கணக்கு அல்ல. கம்பித்தட்டின் நீள அகலத்தை நாமே அளந்து கணக்கிடுவதே நல்லது. 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தட்டின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். ஆனால் ஓரங்களில் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குச் சூடு குறைவாகவே இருக்கும் என்று கொண்டால், உண்மையில் பயன்படுவது 875 சதுர சென்டிமீட்டர். ஒரு வஞ்சிரத் துண்டுக்கும் அதைத் திருப்பிப்போட வேண்டிய இடத்துக்கும் சேர்த்து 100 சதுர சென்டிமீட்டர் வைத்தால், ஒரு நேரத்தில் எட்டுத் துண்டுகள் அமையும். இருபது பேருக்கு ஆளுக்கொரு துண்டு என்றால் மூன்று முறை சுட வேண்டும். அது பெரிய தொல்லையில்லை. ஆளுக்கு ஒரு கோழித்தொடை என்றால், தொடை இரு மடங்கு இடம் பிடிப்பதோடு நேரமும் பல மடங்கு எடுக்கும். முதலில் உண்டவர் கை கழுவிய பிறகும் கடைசிப் பந்திக்குத் தட்டு வராது.

ஆகவே ஆறு பேர் வரை உள்ள குடும்பத்துக்கு 1,200 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ஒற்றைப் பர்னர் கிரில் போதும். பன்னிரண்டு பேர் வரை 1,800 முதல் 2,000 சதுர சென்டிமீட்டர் வரையிலான, இரண்டு பர்னர் கொண்ட கிரில் வேண்டும். அதற்கும் மேலே போனால் ஒரே பெரிய கிரிலைத் தேடுவதைவிட இரண்டு சிறிய கிரில்களை வாங்குவதே அறிவுடைமை. ஒன்றில் சைவம், மற்றொன்றில் அசைவம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்று பழுதானாலும் சமையல் நிற்காது. காரின் பின்பகுதியில் வைப்பதும் எளிது.

சைவம், அசைவம் பற்றிய இந்தப் பிரிவினையைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். ஒரே கிரிலைத்தான் வாங்க முடியும் என்றால், கம்பித்தட்டைத் தனியாக விலைக்குப் பெறக்கூடிய மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தட்டைப் பன்னீர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளக்கதிர், குடைமிளகாய் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கி, தனித் துணிப்பையில் வைத்திருந்தால், வீட்டுப் பெரிய ஆச்சியும் மனம் ஒப்பி உட்கார்ந்து சாப்பிடுவார்.

நான்காம் படி: தீயின் வலிமையைவிடத் தீயின் அடக்கம்

இந்தப் படிதான் நம் சமையலுக்கு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். கிரில் நிறுவனங்கள் தங்கள் பர்னரின் வலிமையைப் பிடியூ என்ற அலகில் சொல்லிப் பெருமைப்படும். மணிக்கு 10,000 பிடியூ என்பது ஏறத்தாழ 2.9 கிலோவாட். வெபர் நிறுவனத்தின் கியூ 1200 என்ற மாதிரிக்கு 189 சதுர அங்குலப் பரப்புக்கு 8,500 பிடியூ. கோல்மேன் நிறுவனத்தின் ரோட்டிரிப் 285 மாதிரிக்கு 285 சதுர அங்குலத்துக்கு 20,000 பிடியூ. ஒரு சதுர அங்குலத்துக்குக் கணக்கிட்டால் முன்னதற்கு 45, பின்னதற்கு 70. இந்த எண்ணை மட்டும் பார்த்துப் பின்னது ஒன்றரை மடங்கு சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கனமான வார்ப்பிரும்புத் தட்டும், காற்றுப் புகாமல் பொருந்தும் மூடியும், தடித்த வார்ப்பு அலுமினிய உடலும் குறைந்த தீயிலும் சூட்டைத் தேக்கிவைக்கும். மெல்லிய தகர உடலுக்குள் எரியும் பெரிய தீயின் சூட்டில் பெரும்பங்கு வெளியே போய்விடும்.

மேலை நாட்டவர் உப்பும் மிளகும் மட்டும் தடவிய தடித்த மாட்டிறைச்சித் துண்டை உச்சச் சூட்டில் சில நிமிடங்கள் வாட்டி எடுப்பதற்குப் பெரும் தீ வேண்டும். நாமோ காய்ந்த மிளகாய், மல்லி, சோம்பு, மிளகு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு ஆகியவற்றை அரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து, சில வேளைகளில் தேங்காயோ முந்திரியோ கூட்டி, நல்லெண்ணெயில் குழைத்துத் தடவுகிறோம். அந்த விழுது பெரும் தீயில் இரண்டு நிமிடத்தில் கருகிக் கசந்துவிடும். உள்ளே கறி வேகாமல் இருக்கும். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, குமிழைக் குறைந்த அளவுக்குத் திருப்பினால் தீ எவ்வளவு சிறிதாக, அணையாமல், பர்னர் முழுவதும் சீராக நிற்கிறது என்பதே. சில மலிவான கிரில்களில் சிம்மில் வைத்தவுடன் பர்னரின் ஒரு பாதி அணைந்துவிடுகிறது. அப்படிப்பட்டதை நம் மசாலாவுக்கு வாங்கவே கூடாது.

இரண்டு பர்னர்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழ் இருந்தால், ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தை அணைத்தும் வைக்கலாம். நாட்டுக்கோழிக்கு இது பெரும் உதவி. முதலில் தீயில்லாத பக்கத்தில், மூடியிட்டு, மெல்ல வேகவிட்டு, கடைசியில் சூடான பக்கத்துக்கு மாற்றி நிறமேற்ற வேண்டும். நாட்டுக்கோழி பிராய்லரைப் போல எளிதில் வேகாது; வெந்தாலும் தசை இறுக்கமாகவே இருக்கும். ஒற்றைப் பர்னர் கிரிலே உங்களிடம் இருந்தால், கோழியை வீட்டிலேயே மஞ்சளும் உப்பும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, பிறகு மசாலா தடவி எடுத்துச் செல்வதே சரி. எந்தக் கோழியானாலும் எலும்பருகே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும். ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டால் இதில் ஊகத்துக்கு இடமில்லை. காடையும் இறாலும் மீன் துண்டும் மூடியில்லாமலே விரைவில் ஆகிவிடும்.

எண்ணெய் சொட்டித் தீ மேலே பாய்வது மற்றொரு தொல்லை. பர்னருக்கு மேலே கூரை போல வளைந்த தகடு உள்ள கிரிலில், எண்ணெய் நேரடியாகத் தீயில் விழாமல் தகட்டில் விழுந்து புகையாக மாறும். அந்தப் புகைதான் கேஸ் கிரிலில் சுட்ட கறிக்குக் கிடைக்கும் சுட்ட மணத்துக்குக் காரணம். எரியும் எரிவாயு கறிக்குத் தனி மணம் எதையும் தருவதில்லை. சீமைக்கருவேலக் கரியில் வாட்டிய மணத்தை இதில் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே கிட்டும் என்பதை வாங்கும் முன்பே சொல்லிவிடுவது நேர்மை. ஆனால், கோடையில் காய்ந்த புல் நிறைந்த செம்மண் பொட்டலில் பறக்கும் தீப்பொறி இல்லாமல், வேலை முடிந்த நொடியில் அணைத்துவிடக்கூடிய தீ என்பது அந்த மணத்தை விட்டுக்கொடுத்துப் பெறத்தக்க வசதியே.

ஐந்தாம் படி: மூடியும் காற்றும்

ஆடி மாதத்துக் காற்றிலும், தொண்டியில் பிற்பகல் கடற்காற்றிலும், திறந்த கிரில் பாதிச் சூட்டை இழந்துவிடும். ஆகவே ஆழமான, கீல் இறுகிய மூடியும், பக்கவாட்டில் தீயை மறைக்கும் சுவரும் கொண்ட கிரிலையே வாங்குங்கள். காற்றைத் தடுக்கத் தகரமோ பலகையோ நிறுத்த வேண்டி வந்தால், கிரிலுக்கு மட்டும் மறைப்பாக வைக்க வேண்டும்; சிலிண்டரை அந்த மறைப்புக்குள் அடைக்கக் கூடாது.

பியூட்டேன் கேனிஸ்டர் அடுப்பின் மேல் பெரிய கிரில் தட்டை வைப்பவர்களுக்கு ஒரு கடும் எச்சரிக்கை. கேனிஸ்டர் இருக்கும் அறை அடுப்பின் பக்கத்திலேயே இருப்பதால், அதன் மேல் வரை நீளும் அகலமான தட்டு சூட்டைக் கேனிஸ்டரின் மீது திருப்பி அனுப்பும், கேனிஸ்டர் வெடிக்கக்கூடும். அடுப்போடு தரப்பட்ட தட்டைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. இரண்டு அடுப்புகளை ஒட்டிவைத்து அவற்றின் மேல் ஒரே தட்டைப் போடுவதும் கூடாது. அழுத்தம் மிகுந்தால் கேனிஸ்டரைத் தானே விடுவிக்கும் பாதுகாப்பு அமைப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: உலோகம், எடை, கால்கள்

நம் ஊறவைப்பில் புளி, எலுமிச்சை, தயிர், உப்பு என்று உலோகத்தை அரிக்கும் பொருள்களே மிகுதி. குரோமியம் பூசிய மெல்லிய கம்பித்தட்டு சில மாதங்களிலேயே உரிந்து துருவேறும். எனாமல் பூச்சுள்ள வார்ப்பிரும்பு நல்லது. ஆனால் கீழே விழுந்தால் பூச்சு தெறிக்கும். பூச்சில்லாத வார்ப்பிரும்பை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கி, ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூசிவைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் 304 தர எவர்சில்வர் கம்பிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பாதித் தட்டு கம்பியாகவும் பாதி தோசைக்கல்லைப் போல் தட்டையாகவும் உள்ள மாதிரிகள் நமக்கு மிகவும் ஏற்றவை. உடையும் மீனுக்கும் காலை நேரத் தோசைக்கும் தட்டைப் பகுதி பயன்படும்.

எடையைப் பொறுத்து, ஒருவர் தனியாகத் தூக்கிக் காரிலிருந்து ஐம்பது அடி நடக்க முடிய வேண்டும். மடக்கும் கால்கள் உள்ளதை வாங்கினால், பூட்டு உறுதியாக விழுகிறதா என்று விரித்து ஆட்டிப் பாருங்கள். மணலில் கால்கள் புதையும் என்பதால், கடற்கரைக்கு ஒரு பலகையும் உடன் வேண்டும்.

ஏழாம் படி: கடையில் சோதிக்க வேண்டியவை

மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது சிம்மில் ஒரு நிறுத்தம் தெரிகிறதா என்று உணர்ந்து பாருங்கள். ஆட்டோ இக்னிஷனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் சேரும் தட்டைச் சமைக்கும்போதே வெளியே இழுத்து எடுக்க முடிய வேண்டும். பர்னர், கம்பித்தட்டு, குமிழ், இக்னிஷன் ஆகியவற்றுக்கு மாற்று உதிரிப்பாகம் மதுரையிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்ற கேள்விக்குக் கடைக்காரர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். இங்கேதான் நிறுவனத்தின் பெயர் முதன்முறையாகப் பொருட்படுத்தத்தக்கதாகிறது.

சிலிண்டரை வாங்கும்போது அதன் பிடிப்பகுதியில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படியுங்கள். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அடுத்து வருவது ஆண்டு. அந்தக் காலாண்டில் அச்சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். காலம் கடந்த சிலிண்டரை வாங்காமல் வேறொன்றைக் கேளுங்கள்.

எட்டாம் படி: எடுத்துச் செல்வதும் இடம் பார்ப்பதும்

ரயிலில் சிலிண்டரையோ கேனிஸ்டரையோ கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், பயணிகள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த அந்தத் துயரத்தை அறிந்த எவரும் ஒரு வேளைத் தேநீருக்காகக்கூட இந்த விதியை மீறமாட்டார்கள் என்று நம்புகிறேன். கிரில் பயணம் என்றால் அது சொந்த வண்டிப் பயணம்தான். வண்டியில் சிலிண்டரை நிமிர்த்தி, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியை இறுக்கி, உருளாமல் கட்டி, கண்ணாடியைச் சற்றுத் திறந்துவைத்துக் கொண்டுசெல்லுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

இடம் தேர்வதில், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்ற ஓர் உண்மையை மனத்தில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. கசிந்த வாயு மேலே பறந்து போகாது; பள்ளத்தை நாடி இறங்கித் தேங்கும். இந்தக் காரணத்தால், செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தை நான் நல்ல இடமாகக் கருதவில்லை. மேலே வானம் திறந்திருந்தாலும், முற்றம் சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்து, மழைநீர் வடியும் வாய்க்காலோடு அமைந்த பள்ளம்; நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்ததால் காற்றோட்டமும் குறைவு. சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் இருக்கின்றன. ஆத்தங்குடித் தளத்தில் மசாலா எண்ணெய் சொட்டினால் கறையும் எளிதில் போகாது. வீட்டின் பின்புறத் திறந்த வெளியே சரியான இடம். தோப்பிலும் கிணற்று மேட்டின் அருகிலோ வாய்க்காலின் ஓரத்திலோ சிலிண்டரை வைக்காதீர்கள். கூடாரத்துக்குள்ளும் மூடிய வேனுக்குள்ளும் கிரிலை ஏற்றவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மஞ்சுவிரட்டுப் பொட்டலில் வண்டிகள் நெருக்கமாக நிற்கும். வைக்கோலும் மாடுகளும் மக்கள் கூட்டமும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கிரிலை வண்டியின் பின்கதவின் கீழ் வைப்பதைவிட, வண்டிகளை விட்டுத் தள்ளி, ஊர்க்காரரிடம் கேட்டு ஒதுக்கிய இடத்தில் வைப்பது முறை. நகரத்தார் சமூகத்தின் நகரக்கோயில்களின் அருகிலும், பறவைகளுக்காக ஊரே வெடி வெடிக்காமல் இருக்கும் வேட்டங்குடிக் கண்மாய்க் கரையிலும் கிரிலை இறக்காதீர்கள். மலைப்பகுதிகளில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். அனுமதி பெற்ற முகாம் இடங்களிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் தீயும் தொடர்ந்த பராமரிப்பும்

வாங்கிவந்த கிரிலை முதன்முதலில் ஏற்ற வேண்டியது வீட்டுப் பின்புறத்தில்தான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிய கடற்கரையில் அல்ல. டியூபை மாட்டி, குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் அங்கே கசிவு. தீக்குச்சியால் கசிவு பார்க்கும் பழக்கம் எவருக்கேனும் இருந்தால் இன்றோடு அதை விட்டுவிட வேண்டும். பிறகு மூடியைத் திறந்துவைத்தே பற்றவையுங்கள். மூடிய கிரிலில் சேர்ந்த வாயு ஒரே நேரத்தில் பற்றி முகத்தைச் சுடும். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்றுத் துளையைச் சரிசெய்ய வேண்டும். வெறும் கிரிலை இருபது நிமிடம் முழுத் தீயில் எரியவிட்டால் தொழிற்சாலை எண்ணெய் நீங்கும். அதே நேரத்தில் சிம்மையும் சோதித்து, குறை இருந்தால் மாற்றித் தரும் காலக்கெடுவுக்குள்ளேயே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் எப்போதும் அருகில் இருக்கட்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆண்டில் பல மாதங்கள் பூட்டியே கிடக்கும் வீடுகள் நம் பகுதியில் மிகுதி. அந்த மாதங்களில் கிரிலின் பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும். அடைபட்ட குழாயில் எரிவாயு முன்னே செல்ல முடியாமல் பின்னால் திரும்பி, குமிழின் அருகே தீப்பிடிக்கும். ஆகவே பயணம் முடிந்ததும் பர்னரைக் கழற்றித் துடைத்து, குழாயின் வாயைத் துணியால் கட்டி வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது துணியை அவிழ்த்து, மெல்லிய தூரிகையை உள்ளே செலுத்தித் துழாவிப் பாருங்கள். சிலிண்டரைப் பூட்டிய வீட்டுக்குள் வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்துவிடுவதோ, உள்ளூரில் இருக்கும் உறவினர் வீட்டில் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைப்பதோ நல்லது. டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இடையில் வெடிப்போ எலிக்கடியோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். எரிவாயு வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, அருகில் உள்ள தீயையெல்லாம் அணைத்து, எல்லோரையும் காற்று வரும் திசைக்கு நகர்த்தி, 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.